காய்ந்த பக்கம்தான் அழுகியிருந்தது: 1990 ரோட்ஸ்டரை ஷாகெனுக்குத் தயார் செய்த மூன்று மாதம்

ஜூன் மாதம் யோகோஹாமாவில் மழை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. அப்படி மூன்று நாள் விடாமல் பெய்த பிறகு ஒரு காலையில் காரை எடுக்கப் போனேன். கதவைத் திறந்ததுமே ஈரச் சாக்கு வாடை. இடது சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கார்ப்பெட்டை விரலால் அழுத்தினேன், தண்ணீர் விரலைச் சுற்றி மேலே வந்தது. வலது பக்கமும் அழுத்திப் பார்த்தேன், அங்கே காய்ந்துதான் இருந்தது. சரி, இடது பக்கம் எங்கேயோ ஒழுகுகிறது, கூரைத் துணியில் ஓட்டை விழுந்திருக்கும் என்றுதான் அப்போது நினைத்தேன். அந்த நினைப்பு தப்பு என்று தெரிய இரண்டு வாரம் ஆனது.

செப்டம்பர் 20-ஆம் தேதி ஷாகென் முடிகிறது. ஜப்பானில் சொந்தக் கார்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் கட்டாயச் சோதனை அது. அது தேறாமல் வண்டியைத் தெருவில் இறக்க முடியாது. போன முறை ஒரு பட்டறையில் கொடுத்து முடித்தேன், இந்த முறை எல்லாவற்றையும் நானே பார்த்து, நானே சோதனைத் தடத்தில் ஓட்டிக் காட்டிவிட வேண்டும் என்று ஜனவரியிலேயே முடிவு செய்திருந்தேன். ஆக, இந்த ஜூனில் கையில் மூன்று மாதம் இருந்தது.

வண்டி 1990-இல் செய்த யூனோஸ் ரோட்ஸ்டர். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் மாஸ்டா முதன்முதலாகக் காட்டி, அதே வருடம் செப்டம்பரில் ஜப்பானில் யூனோஸ் என்ற பெயரில் விற்க ஆரம்பித்த முதல் தலைமுறை. அமெரிக்காவில் மியாட்டா, மற்ற பல நாடுகளில் எம்எக்ஸ்-5. 1597 சிசி எஞ்சின், 120 குதிரைத்திறன், எடை 940 கிலோ, இரண்டே சீட்டு, மேலே துணிக்கூரை, எழுந்து உட்காரும் ஹெட்லைட். என்னுடையது மெரினர் ப்ளூ நிறம். வாங்கும்போது 1,28,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒரு ஸ்டிக்கர், டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும் 98,500-இல் மாற்றியது என்று யாரோ அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது அந்த ஸ்டிக்கரால்தான்.

இது வேகமான கார் இல்லை. இன்றைக்கு விற்கும் சாதாரணக் குடும்பக் கார் நெடுஞ்சாலையில் இதைச் சிரமப்படாமல் தாண்டிப் போகும். ஆனால் இதை ஓட்டும்போது கிடைப்பது வேறு. கியர் லீவரின் அசைவு மிகக் குறைவு, மணிக்கட்டை மட்டும் அசைத்தால் அடுத்த கியர் விழுந்துவிடும். கியர்பாக்ஸையும், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் நீளமான ஒரு அலுமினியச் சட்டத்தால் ஒன்றோடொன்று பிணைத்திருக்கிறார்கள். அதனால் ஆக்சிலேட்டரில் காலை லேசாக எடுத்தாலும் வைத்தாலும் நடுவில் ஆட்டமோ தாமதமோ இல்லாமல் பின் சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. நாலு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன், அதாவது மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு கைகள் தாங்கும் சஸ்பென்ஷன். இந்தக் காரை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் தொஷிஹிகோ ஹிராய். குதிரையும் மேலே இருப்பவனும் ஒரே உடம்பு என்ற பொருளில் ஜின்பா இட்டாய் என்பதை முழு வண்டிக்கும் இலக்காக வைத்து வேலை பார்த்தார்கள். விளம்பர வார்த்தை என்று நினைத்துத்தான் வாங்கினேன். ஹகோனே மலைப் பாதையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வளைவு திரும்பிய அன்றைக்கு அந்த எண்ணம் போய்விட்டது. ஸ்டியரிங்கில் கை வைத்தால் தாரின் சொரசொரப்பு தெரிகிறது. அதனால்தான் 35 வருட வண்டிக்கு வருடம் 45,400 யென் வரி கட்டுகிறேன் (13 வருடம் தாண்டிய பெட்ரோல் காருக்குச் சுமார் 15 சதவீதம் கூடுதல்), கூரையில்லாத மாத வாடகை நிறுத்தத்தில் வைத்துக்கொண்டு மழைக்குப் பயப்படுகிறேன்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் கூரைத் துணியைப் பார்த்தேன். உள்ளே உட்கார்ந்துகொண்டு, தெரிந்த தம்பி ஒருவனை வெளியே பூவாளியோடு நிற்கவைத்து, கண்ணாடி விளிம்பு, ஜன்னல் ரப்பர், பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னலின் ஜிப் என்று ஒவ்வொரு இடமாகத் தண்ணீர் விடச் சொன்னேன். எங்கேயும் ஒரு சொட்டு வரவில்லை. அவன் கரூர்ப் பக்கத்துப் பையன், இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. "அண்ணே, துணியெல்லாம் நல்லாத்தானே இருக்கு, தண்ணி போற வழி எங்க இருக்கு?" என்று கேட்டான். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். நான் தண்ணீர் வரும் வழியைத் தேடிக்கொண்டிருந்தேன், போகும் வழியை யோசிக்கவே இல்லை.

இந்தக் காரில் கூரைத் துணி பின்னால் உடம்போடு சேரும் இடத்தில், உள்பக்கமாக, ஒரு பிளாஸ்டிக் வாய்க்கால் ஓடுகிறது. துணியில் வழிந்து உள்ளே வரும் கொஞ்ச நஞ்சத் தண்ணீரை அது ஏந்திக்கொள்ளும். வாய்க்காலின் இரண்டு நுனியும் சீட் பெல்ட் கோபுரங்களுக்கு (சீட்டுக்குப் பின்னால் பெல்ட் புறப்படும் தூண்கள்) பின்னால் ஆளுக்கொரு துளையில் இறங்கும். அங்கிருந்து ரப்பர் குழாய் வழியாக உடம்புக்குள்ளேயே கீழே போய், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் கொட்டும். ஆக, இந்த வண்டியில் கூரையிலிருந்து தரை வரைக்கும் தண்ணீருக்கென்றே ஒரு பாதை வைத்திருக்கிறார்கள், அது திறந்திருக்கும் வரை துணி கொஞ்சம் கசிந்தாலும் கவலை இல்லை.

சீட்டுகளைக் கழற்றி, பின்பக்கக் கார்ப்பெட்டைத் தூக்கி, துளைகளை டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது துளை இருந்த இடமே தெரியவில்லை. கருப்புச் சேறு, அதில் பைன் ஊசிகள், மக்கிப் போன இலை, கூரைத் துணியின் நார் எல்லாம் சேர்ந்து களிமண் மாதிரி இறுகியிருந்தது. நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பைன் மரம் நிற்கிறது, அதன் வேலை. ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்தேன், அரை டம்ளர் இருக்கும்.

அடுத்துக் குழாய். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் அழிவுக்கெல்லாம் காரணம் இதுதான். அடைத்திருக்கிறதே என்று குச்சியையோ கம்பியையோ விட்டு ஓங்கிக் குத்தாதீர்கள், கம்ப்ரஸர் காற்றையும் அடிக்காதீர்கள். குழாய் மேல் வாயில் சும்மா செருகித்தான் இருக்கிறது. அழுத்தினால் அடைப்பு போகாது, குழாய்தான் கழன்று கீழே போகும். நான் பயன்படுத்தியது புல் வெட்டும் இயந்திரத்துக்கு வாங்கும் தடித்த நைலான் நரம்பு, ஒரு மீட்டர். நுனியை லைட்டரில் காட்டி உருண்டையாக்கிக்கொண்டு, சுழற்றிச் சுழற்றி மெதுவாக இறக்கி, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, மறுபடி இறக்கி, இப்படி ஒரு மணி நேரம். திடீரென்று வண்டிக்கடியில் கொடகொடவென்று கருப்பாகக் கொட்டியது. அந்தச் சத்தம் கேட்டபோது வந்த சந்தோஷம் எழுத்தில் வராது.

இடது பக்கம் சரியானதும் ஒழுங்குக்காக வலது பக்கமும் பார்த்தேன். வலது துளை சுத்தமாக இருந்தது. ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரை ஊற்றினேன், கடகடவென்று உள்வாங்கிக்கொண்டது. நல்லது என்று எழுந்திருக்கப் போனேன். தம்பி வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இந்தப் பக்கம் ஒண்ணும் வரலையே" என்றான்.

ஒரு லிட்டர் உள்ளே போயிருக்கிறது, வெளியே ஒரு சொட்டு இல்லை. தரையில் காகிதத்தை விரித்துக் காத்திருந்தோம். நாலைந்து நிமிடம் கழித்து, வரவேண்டிய இடத்தில் இல்லாமல் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பெட்டியின், சில் பெட்டி என்பார்கள், அதன் அடி மடிப்பிலிருந்து, துருக் கலரில், டீ டிகாஷன் மாதிரி சொட்ட ஆரம்பித்தது.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. முன்னால் வைத்திருந்தவரோ, அவர் கொடுத்த இடத்தில் யாரோ ஒருவரோ, வலது பக்க அடைப்பைக் கம்பியால் குத்திக் குழாயைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் தண்ணீர் அருமையாக இறங்குகிறது, வேலை முடிந்தது என்று நினைத்திருப்பார்கள். அன்றிலிருந்து பெய்த மழையெல்லாம் நேராக சில் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. எத்தனை வருடமோ. அடைத்துக்கொண்டிருந்த இடது பக்கம் கார்ப்பெட்டை நனைத்து, நாற்றமடித்து, என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டது. வலது பக்கக் கார்ப்பெட் காய்ந்திருந்தது, வாடை இல்லை, தண்ணீர் நன்றாகப் போனது. அந்தப் பக்கம்தான் அழுகிக்கொண்டிருந்தது.

ஜாக்கி வைத்து ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு அடியில் படுத்தேன். பின் சக்கரத்துக்கு முன்னால், சில் முடியும் இடத்தில் அடிப் பூச்சு லேசாக உப்பியிருந்தது. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல தகடு டிங் என்கும். இந்த இடத்தில் அட்டைப்பெட்டியைத் தட்டின மாதிரி மொத்தென்று இருந்தது. கொஞ்சம் அழுத்தியதும் பூச்சு உடைந்து கட்டை விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே ஈரத் துருப் பொடி.

கூரையுள்ள காரில் சில் கொஞ்சம் அரித்தாலும் மேலே கூரையும் தூண்களும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். திறந்த காரில் அது இல்லை. முன்னையும் பின்னையும் முறுக்கிக்கொள்ளாமல் பிடித்து வைத்திருப்பதில் பெரும் பங்கு இந்த இரண்டு சில் பெட்டிகளுக்கும் இரண்டு சீட்டுக்கும் நடுவில் தரையில் ஓடும் சுரங்கம் போன்ற மேட்டுக்கும்தான். ஆகவே பட்டி பூசி, பெயிண்ட் அடித்து, மேலே கருப்பு அடிப் பூச்சு தடவி மறைக்கும் யோசனை எனக்கு வரவே இல்லை. அப்படி மறைத்த கார்கள் விற்பனைக்கு வருகின்றன, பார்த்தால் பளபளவென்று இருக்கும். வாங்குபவர்கள் அந்த இடத்தைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு விலை பேச வேண்டும்.

வெல்டிங் எனக்குத் தெரியாது, தெரியாததை இந்த இடத்தில் கற்றுக்கொள்ளவும் கூடாது. சகாமி ஆற்றுப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை, எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் தனியாக நடத்துகிறார். போய்ச் சொன்னேன். அவர் வந்து அடியில் படுத்து, இரண்டு நிமிடம் தட்டிவிட்டு, "கழற்ற வேண்டியதையெல்லாம் நீ கழற்றிக் கொண்டு வா, வெட்டி ஒட்டுவதை நான் செய்கிறேன், கூலி குறையும்" என்றார். அப்படியே செய்தேன். சீட், கார்ப்பெட், கதவுப் படியின் பிளாஸ்டிக், சீட் பெல்ட் கோபுரத்தின் உறை, உள்ளே ஒலியடக்கும் பஞ்சு, நெருப்புப் பிடிக்கக்கூடிய எல்லாம் வெளியே. பாட்டரி இந்தக் காரில் டிக்கிக்குள் வலது பக்கம் இருக்கிறது, அதையும் கழற்றி வீட்டில் வைத்தேன். (பாட்டரி மாற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை: டிக்கி மூடிய இடம், அதனால் வாயு வெளியேறும் குழாய் மாட்டக்கூடிய வகையைத்தான் வாங்க வேண்டும். விலை குறைவு என்று சாதாரண பாட்டரி போட்டு டிக்கித் தகடு அரித்துப்போன வண்டியை நேரில் பார்த்திருக்கிறேன்.)

பெரியவர் வெளித் தகட்டில் 25 சென்டிமீட்டர் வெட்டி எடுத்தார். உள்ளே இருந்த துருவை நான் ஒரு தகரத் தட்டில் வாரினேன், இரண்டு கைப்பிடி. நல்ல காலம், உள் தகடு மேலே மட்டும் அரித்திருந்தது, கனம் இருந்தது. அதைக் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்து, துருமாற்றித் திரவம் பூசி, ஒரு நாள் காயவிட்டு, மறுநாள் புதுத் தகட்டை வளைத்து அளவெடுத்து வெட்டி வெல்ட் வைத்தார். ஒரே இடத்தில் தொடர்ந்து வைக்காமல், இங்கே ஒரு புள்ளி அங்கே ஒரு புள்ளி என்று சூடு ஆறவிட்டு ஆறவிட்டு வைத்தார், தகடு கோணாமல் இருக்க. முழு மடிப்பும் முடிய ஒரு மதியம் போனது. 68,000 யென் வாங்கினார். அந்த வேலைக்கு அது குறைவு.

மீதி என் வேலை. கழன்ற குழாயைப் பழைய வாயில் ஏற்றி, இந்த முறை வெறுமனே செருகி விடாமல் ஒரு கிளிப் போட்டு இறுக்கினேன். கோபுரத்துக்குப் பின்னால் முழங்கை வரை கையை விட்டுத் தடவித்தான் செய்ய வேண்டும், கண்ணுக்கு எதுவும் தெரியாது. அப்புறம் சில் பெட்டிக்குள்ளே இருக்கும் துளைகள் வழியாக நீளக் குழல் வைத்த ஸ்ப்ரேயால் இரண்டு பக்கமும் மெழுகு அடித்தேன். வெல்ட் வைத்த பிறகுதான் இதை அடிக்க வேண்டும், முன்னாலேயே அடித்தால் தீப்பிடிக்கும். கீழே மடிப்பில் சொட்டு வெளியே வரும் வரை அடித்தேன். கடைசியில் சில்லின் அடியில் தண்ணீர் வெளியேறும் சின்னத் துளைகளை மெழுகு அடைத்துக்கொள்ளாமல் குச்சியால் திறந்துவிட்டேன். இதை மறந்தால் செய்த வேலை முழுக்க வீண்.

ஜூலை முடிந்தது. இதற்குள் கிளட்ச் போனது.

தேசிய நெடுஞ்சாலை 1-இல் ஒரு சிக்னல். கிளட்சை மிதித்தேன், பெடல் தரை வரை போய் அங்கேயே நின்றுவிட்டது. காலால் தூக்கிவிட்டு மறுபடி மிதித்தாலும் கியர் விழவில்லை. எஞ்சினை நிறுத்தி, முதல் கியரைப் போட்டு, சாவியைத் திருப்பினேன். வண்டி ஒரு குலுக்கலோடு ஸ்டார்ட் ஆகி நகர்ந்தது. கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்ற ஏற்பாடு இந்த வயது ஜப்பானிய வண்டிகளில் கிடையாது, அது அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. அப்புறம் எஞ்சின் சுழற்சியை வேகத்துக்குப் பொருத்திக் கிளட்ச் இல்லாமலே இரண்டாவது கியர் போட்டு, சிக்னலுக்குச் சிக்னல் நிறுத்தி ஸ்டார்ட் செய்து, ஆறு கிலோமீட்டர் வீட்டுக்கு வந்தேன்.

இந்த மாடலில் கிளட்ச் போனது என்றால் முதலில் பார்க்க வேண்டியது கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரை, பெடலிலிருந்து வரும் ஆயில் அழுத்தத்தில் கிளட்சைத் தள்ளுவது அது. ரப்பர் மூடியை லேசாக விலக்கினால் பிரேக் ஆயில் சொட்டும். சொட்டியது. 12 மில்லிமீட்டர் போல்ட் இரண்டு, ஒரு குழாய் இணைப்பு, அவ்வளவுதான். குழாய் இணைப்பைச் சாதாரண ஸ்பேனரால் திருகினால் முனை மழுங்கிவிடும், குழாய்க்கென்றே விற்கும் வாய் மூடிய ஸ்பேனர்தான் வேண்டும். ஸ்லேவ் போகிற வயதில் மேலே பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பரும் அதே வயதுதான். கீழே புதிது போட்டதும் அழுத்தம் ஏறி மேலே உள்ளது அடுத்த மாதம் கசியும், ஆகவே இரண்டையும் சேர்த்தே மாற்றினேன். பழைய ஆயில் காபி நிறத்தில் இருந்தது.

ஆயில் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். தம்பியை சீட்டில் உட்கார வைத்து நான் அடியில். "மிதி." "மிதிச்சிட்டேன்ணே." காற்று வெளியேறும் திருகாணியைத் திறப்பேன், குமிழி வரும், மூடுவேன். "விடு." அவன் பெடலைக் கையால் தூக்குவான். நாற்பது தடவைக்கு மேல் போயிருக்கும், நடுவில் மாஸ்டரில் ஆயில் வற்றாமல் அவனே ஊற்றிக்கொண்டான். ஆகஸ்டு வெயில், தார் தரையில் முதுகு கொதித்தது. முடிந்ததும் முதல் கியர் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. அவனையே ஓட்டச் சொன்னேன். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தவன் முகத்தைப் பார்த்தபோது, சென்னைக்கு வண்டி அனுப்ப முடியுமா என்று இவன் கேட்கப்போகிறான் என்று தோன்றியது. அதையேதான் கேட்டான்.

அடுத்தது ஆயில் கசிவு. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் அடியில் ஈரம், தரையில் இரவுக்கு மூன்று நாலு சொட்டு. சொட்டிக்கொண்டிருந்தால் ஷாகெனில் தேறாது. இந்த இடத்தில் ஈரம் பார்த்ததும் எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க்கின் பின் ஆயில் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று பெரிய தொகை சொல்வார்கள். எனக்கும் ஒரு இடத்தில் அப்படித்தான் சொன்னார்கள். அதற்குச் சம்மதிக்கும் முன்னால் மேலே ஒரு முறை பார்க்க வேண்டும். சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில், கேபின் சுவரை ஒட்டி, கேம் தண்டு சுழலும் நிலையை அளக்கும் கேம் ஆங்கிள் சென்சார் இருக்கிறது. அதில் ஒரே ஒரு ஓ ரிங், ரப்பர் வளையம். முப்பது வருடச் சூட்டில் அது கல்லாகிவிடும், ஆயில் ஹெட்டின் முதுகில் வழிந்து கியர்பாக்ஸ் மேல் விழும், கீழிருந்து பார்ப்பவருக்குப் பின் சீல் போன மாதிரியே தெரியும். ஹெட்டின் பின்பக்கம் ஒரு வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தேன், பழுப்பாக வந்தது.

சென்சாரின் நிலைதான் இக்னிஷன் டைமிங்கைத் தீர்மானிக்கிறது, அதனால் கழற்றும் முன் சென்சார் மேலும் ஹெட் மேலும் சேர்த்து வெள்ளைக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். 12 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று. கை நுழைய இடமில்லை, தடவித்தான் எடுத்தேன். வெளியே வந்த பழைய ஓ ரிங் வளைக்கும்போதே படக்கென்று இரண்டாக உடைந்தது. புதியதில் ஆயில் தடவி மாட்டி, கோட்டுக்குக் கோடு பொருத்தி இறுக்கினேன். கோட்டை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது. எஞ்சின் அறையில் டயக்னோசிஸ் என்று எழுதிய ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது, அதற்குள் டி.இ.என், ஜி.என்.டி என்ற இரண்டு துளைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, எஞ்சின் நன்கு சூடான பின் ஐடிலிங் 850 சுற்றில் இருக்கும்போது டைமிங் லைட் அடித்தால் 10 டிகிரி காட்ட வேண்டும். 8 காட்டியது, சென்சாரை ஒரு மயிரிழை திருப்பி 10-க்குக் கொண்டுவந்தேன். முடிந்ததும் அந்த ஒயரை எடுத்துவிட வேண்டும். பெரிய தொகை சொன்ன வேலை, சில நூறு யென் ஓ ரிங்கில் முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு சொட்டும் இல்லை.

முன் பக்க பால் ஜாயிண்ட் ரப்பர் ஒன்று கிழிந்திருந்தது, மாற்றினேன். பின் வலது பிரேக் கேலிப்பர் ஹேண்ட் பிரேக்கை விட்ட பிறகும் லேசாகப் பிடித்திருந்தது, சுத்தம் செய்து கிரீஸ் வைத்தேன். குளிர்ந்த எஞ்சினில் கேட்கும் டேப்பெட் டிக் டிக் சத்தத்துக்கு எதுவும் செய்யவில்லை, சூடானதும் போய்விடுகிறது, நல்ல ஆயில் போட்டு ஓட்டினால் போதும்.

ஆரம்பகால வண்டிகளில் கிராங்க்கின் முன்முனை குட்டையானது, அதில் புல்லியை (பெல்ட் ஓடும் சக்கரம்) பிடித்து வைக்கும் சின்ன உலோகச் சாவி உட்காரும் இடம் தேய்ந்து புல்லி ஆட ஆரம்பித்தால் எஞ்சினே போய்விடும். 1991 நடுவில்தான் அந்த முனையை நீளமாக்கினார்கள். முன் புல்லியில் நாலு வெட்டு தெரிந்தால் பழையது, எட்டு என்றால் புதியது. என்னுடையதில் நாலுதான். ஐடிலிங்கில் விட்டுப் புல்லியையே ஐந்து நிமிடம் பார்த்தேன், துளி ஆட்டம் இல்லை. இதை இனி ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் பார்ப்பதாக டைரியில் எழுதிவைத்திருக்கிறேன்.

கூரைத் துணி நன்றாக இருப்பதால் அப்படியே விட்டேன். மாஸ்டா 2017 கடைசியில் முதல் தலைமுறை ரோட்ஸ்டரைப் புதுப்பித்துத் தரும் சேவையை ஆரம்பித்து, கூடவே கூரைத் துணி, நார்டி மர ஸ்டியரிங், பழைய வடிவத்திலேயே பிரிட்ஜ்ஸ்டோன் டயர் என்று நின்றுபோன சில பாகங்களை மறுபடி செய்ய ஆரம்பித்தது. நான் எதையும் வாங்கவில்லை என்றாலும், தேவைப்படும் நாளில் கிடைக்கும் என்பது பெரிய நிம்மதி.

செப்டம்பர் இரண்டாவது வாரம், த்சுசுகி வட்டத்தில் இருக்கும் கனகாவா போக்குவரத்துக் கிளை அலுவலகம். முன்பதிவு நெட்டில் செய்துவிட வேண்டும். உள்ளே போவதற்கு முன் பக்கத்துத் தெருவில், சோதனைக்கு முன்னால் வண்டியைச் சரிபார்த்துக்கொடுக்கும் ஒத்திகைக் கடையில் ஹெட்லைட்டையும் சக்கர நேர்க்கோட்டையும் பார்த்தேன். வலது லைட் கொஞ்சம் கீழே பார்த்துக்கொண்டிருந்தது, அந்தக் கடைக்காரர் திருகைத் திருப்பி நிமிர்த்தினார். 1998 ஆகஸ்டு வரை செய்த வண்டிகளுக்கு ஹை பீமில்தான் அளக்கிறார்கள், இதை அவரும் நினைவுபடுத்தினார்.

தடத்தில் முன்னால் நின்றதெல்லாம் வெள்ளை வேன்கள். முதலில் ஒரு ஆய்வாளர் விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாம் பார்த்தார். ஹெட்லைட் எழுந்தபோது அவர் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. புகை: இந்த வயது வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை அனுமதி, என்னுடையது 0.4. பக்கவாட்டு இழுப்பு, பிரேக், 40 கிலோமீட்டரில் ஸ்பீடோமீட்டர், ஹெட்லைட், வரிசையாகப் பலகையில் தேறியதைக் காட்டும் வட்டம் விழுந்தது. கடைசியில் பள்ளத்தின் மேல் நிறுத்தச் சொன்னார்கள். கீழிருந்து ஒருவர் சுத்தியலால் தட்டிக்கொண்டு வருவது சீட்டில் தெரிகிறது. முன்னால் டிங். நடுவில் டிங். வலது சில் பக்கம் வந்தது, பெரியவர் வெல்ட் வைத்த இடம், டிங். பலகையில் கடைசி வட்டம்.

எடை வரி இரண்டு வருடத்துக்கு 25,200 யென் கட்டினேன், ஒரு டன்னுக்குள் இருப்பதால் அந்தத் தட்டு. புதுத் தேதி அச்சடித்த ஸ்டிக்கரை அலுவலக வாசலிலேயே கண்ணாடியில் ஒட்டிவிட்டு, கூரையை இறக்கி, பின் ஜன்னல் ஜிப்பை முதலில் திறந்துவிட்டுத்தான் (அப்படியே மடித்தால் பிளாஸ்டிக்கில் கோடு விழும்), ஆற்றங்கரை வழியாக வீட்டுக்கு வந்தேன். பெரியவர் பட்டறை வழியில் இல்லை, ஆனாலும் சுற்றிக்கொண்டு போனேன். அவர் வெளியே வந்து வண்டியைப் பார்க்கவில்லை, நேராக வலது பக்கம் குனிந்து சில்லைத் தட்டிப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

பத்து நாள் கழித்து ஒரு புயல். இரவு முழுக்க ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, நான் தூங்கவில்லை. காலை ஆறு மணிக்கு நிறுத்தத்துக்குப் போனேன். கார் மேல் முழுக்கப் பைன் ஊசி. கதவைத் திறந்து இடது பக்கம் கார்ப்பெட்டை அழுத்தினேன், காய்ந்திருந்தது. வலது பக்கமும் காய்ந்துதான் இருந்தது, ஆனால் இந்த முறை அதை மட்டும் நம்பவில்லை. குனிந்து அடியில் பார்த்தேன். இரண்டு பின் சக்கரத்துக்கும் முன்னால் தரையில் ஆளுக்கொரு சின்னக் குட்டை, வலது பக்கத்துக் குழாய் வாயிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கையை நீட்டி ஒரு சொட்டைப் பிடித்தேன், தெளிவாக இருந்தது.